நீங்க அங்கே இருந்தீங்களா?

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாகச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் கேட்ட கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. பத்து வயதுதான் இருக்கும். ஆர்க்கியோப்டெரிக்ஸ் புதைபடிவத்தின் வார்ப்பைக் காட்டி, பல்லும் எலும்பு வாலும் ஊர்வனவற்றைப் போல இருப்பதையும், இறகு பறவைக்குரியதாக இருப்பதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது என்றதும் கையைத் தூக்கினான். "நீங்க அங்கே இருந்து பார்த்தீங்களா, சார்?"

பின்னால் நின்ற அப்பாவின் முகத்தில் ஒரு திருப்தி. சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்த கேள்வி என்று புரிந்தது. சுருக்கென்று கோபம் வந்துவிட்டது எனக்கு. "இதெல்லாம் விஞ்ஞானிகள் நிரூபிச்ச விஷயம், தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த கூடத்துக்கு நகர்ந்தேன். அது பதிலே இல்லை. பெரியவர்கள் சொன்னால் நம்பு என்று அவனுக்கு வீட்டில் சொன்னதையே நானும் சொன்னேன். பெரியவர்கள்தான் வேறு.

அமெரிக்காவின் கென்டக்கியில் 2007இல் திறக்கப்பட்ட, உயிர்களைக் கடவுளே நேரடியாகப் படைத்தார் என்று சொல்லும் படைப்புவாத அருங்காட்சியகத்தின் பின்னணியில் இருக்கும் கென் ஹாம், குழந்தைகளிடம் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் டிக்டாலிக் என்ற புதைபடிவ மீனின் கதையில் இருக்கிறது. சுமார் 38.5 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளில் துடுப்புள்ள மீன்கள் கிடைத்திருந்தன. 36.5 கோடி ஆண்டுப் பாறைகளில் காலுள்ள விலங்குகள். அப்படியானால் இடைப்பட்ட வயதுள்ள பாறையில் தேட வேண்டும் என்று புதைபடிவ ஆய்வாளர் நீல் ஷுபினும் அவருடைய குழுவினரும் கனடாவின் வட துருவப் பகுதிக்குப் போனார்கள். பல கோடைகள் தோண்டி, 2004இல் எல்ஸ்மியர் தீவில் டிக்டாலிக்கைக் கண்டெடுத்தார்கள். வயது சுமார் 37.5 கோடி. செதில் உண்டு, துடுப்பு உண்டு. துடுப்புக்குள்ளே மணிக்கட்டு போன்ற எலும்புகளும் உண்டு. அங்கே இருந்து பார்த்தவர் யாருமில்லை. எந்தப் பாறையில் கிடைக்கும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. இப்போது யார் அந்தக் கேள்வியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்.

பரிணாமக் காட்சிகளைப் பற்றிப் புகார் கடிதங்களும் வருவதுண்டு. ஒருமுறை நிர்வாகக் கூட்டத்தில், விளக்கப் பலகைகளில் "என்று சிலர் கருதுகின்றனர்" என்று சேர்த்துவிட்டால் என்ன என்று பேச்சு எழுந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் மீதே 1978இல் வழக்குப் போட்டார்கள். பரிணாமக் காட்சிகள் அரசுப் பணத்தில் ஒரு மதத்தைப் பரப்புகின்றன என்பது வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை, 1980இல் மேல்முறையீட்டிலும் அது நிற்கவில்லை. இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பலகை மாறவில்லை.

எனக்குப் பிடித்த இடம் ஒட்டகச்சிவிங்கியின் எலும்புக்கூடு. தலையைக் குனிந்து பின்கழுத்தைத் தடவிப் பாருங்கள் என்பேன். துருத்திக்கொண்டு விரலில் தட்டுப்படுவது பெரும்பாலும் ஏழாவது கழுத்தெலும்பு. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான், எலிக்கும் ஏழுதான்.

"ஒரே கடவுள் ஒரே அச்சில் படைச்சிருக்கார்னு ஏன் சொல்லக் கூடாது?" என்று ஒரு அம்மா கேட்டார். நல்ல கேள்வி. அவரையும் மகளையும் பறவைக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். அன்னத்துக்கும் நீளக் கழுத்துதான், ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட எலும்புகள். அச்சு ஒன்றென்றால் அதே நீளக் கழுத்துக்கு ஏன் இரண்டு வழி? பாலூட்டிகள் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் ஏழு என்ற அந்த எண்ணிக்கையை மூதாதையிடமிருந்து வாங்கிவந்திருக்கின்றன. ஒட்டகச்சிவிங்கி எண்ணிக்கையைக் கூட்டாமல் ஒவ்வொரு எலும்பையும் நீட்டிக்கொண்டது. கடவுள் உண்டா என்பதைப் பற்றி இந்த எலும்புகள் எதுவும் சொல்லவில்லை என்றும் சொன்னேன்.

"எனக்கு மனசு ஒப்பலை" என்றார் அவர். சரி என்றேன். மகள் அதற்குள் கண்ணாடியில் மூக்கு படும்படி நின்று அன்னத்தின் கழுத்தெலும்புகளை விரல் வைத்து எண்ணத் தொடங்கியிருந்தாள். பதினேழில் தவறவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். அம்மா அவசரப்படுத்தவில்லை.