நங்கூரம் போட்டுத் தங்க ஒரு மோட்டார் போட் தேடின அனுபவம்

கரையோரமாவே வாரக்கணக்குல போகணும், ராத்திரி போட் கட்டி நிறுத்துற மெரினாவுக்குள்ள போகாம ஏதாவது ஒரு அமைதியான வளைகுடாவுல நங்கூரம் போட்டுத் தூங்கணும், இதுதான் எங்க ரெண்டு பேருக்கும் ஆசை. ஆனா தேட ஆரம்பிச்சப்போ நான் பார்த்ததெல்லாம் வேகம்தான், இது 25 நாட் போகும் அது 30 நாட் போகும்னு (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்). ஆறு மாசம் அப்படியே போயிடுச்சு.

மனசு மாறினது ஒரே ராத்திரில. நண்பரோட வேகமான போட்ல தங்கினோம். பகல்ல நல்லாத்தான் பறந்துச்சு, நங்கூரம் போட்டு நின்னதும் காத்து ஒரு பக்கம் அலை ஒரு பக்கம், போட் பக்கவாட்டுல ஆட ஆரம்பிச்சு விடிய விடிய நிக்கவே இல்ல, அலமாரிக்குள்ள டம்ளர் இந்தப் பக்கம் உருண்டு டக்குனு இடிக்கும், அடுத்த நிமிஷம் அந்தப் பக்கம் டக். ஃப்ரிட்ஜுக்காக ஜெனரேட்டர் வேற ஓடிட்டே இருந்துச்சு. காலைல மனைவி கேட்டா, "ஏங்க, ஒரு நாளைக்கு நாம எத்தனை மணி நேரம் ஓட்டப் போறோம்?" யோசிச்சா நாலஞ்சு மணி நேரம்தான். மிச்ச நேரம் முழுக்க நின்ன இடத்துலதான் இருக்கப் போறோம்னா அதுக்குத் தகுந்த போட்தானே பார்க்கணும்!

அதுக்கப்புறம் மெதுவாப் போற டிஸ்ப்ளேஸ்மென்ட் ஹல் பக்கம் வந்தோம், அதாவது தண்ணி மேல எழும்பிப் பறக்காம தண்ணியைத் தள்ளிக்கிட்டே போற உடம்பு (ஹல்) உள்ள போட். இதுல ஒரு கணக்கு இருக்கு, தண்ணியைத் தொடுற நீளத்தை அடியில எடுத்து அதோட வர்க்கமூலத்தை 1.34-ஆல பெருக்கினா வர்றதுதான் அந்த ஹல் போகக்கூடிய அதிகபட்ச வேகம் (நாட்ல), 36 அடின்னா சுமார் 8 நாட். அதுக்கு மேல எவ்வளவு முடுக்கினாலும் டீசல்தான் போகும். 7 நாட்ல ஓட்டினா 40 குதிரைத்திறன் போதும், மணிக்கு 8 லிட்டர் கிட்ட. நாங்க பார்த்த போட்ல டேங்க் 900 லிட்டர், அதுல மூணுல ஒரு பங்கைத் தொடாம வெச்சாலும் 500 கடல் மைல் தாண்டிப் போகலாம். வேகமான போட்ல இந்தத் தூரத்தை நினைச்சே பார்க்க முடியாது.

நங்கூரத்தை யாருமே சரியாப் பார்க்குறதில்லன்னு எனக்குத் தோணுது. ஆழம் 4 மீட்டர், அஞ்சு மடங்கு செயின், 20 மீட்டர் விட்டாப் போதும்னு நினைப்பாங்க. அது தப்பு. தண்ணிலேர்ந்து போட்டோட மூக்கு 1.5 மீட்டர் உயரம், ஓதத்துல கடல் மட்டம் ஏறினா இன்னொரு 1.5 மீட்டர், மொத்தம் 7, அப்போ 35 மீட்டர் வேணும், காத்து பலமா இருந்தா அதுக்கும் மேல. நல்லா இருக்குன்னு பார்த்த ஒரு போட்ல செயினே 15 மீட்டர்தான் இருந்துச்சு, மிச்சம் கயிறு. பாறை இருக்குற இடத்துல கயிறு உரசி அறுந்துடும்.

கரண்ட் கணக்கு இன்னொன்னு. ஃப்ரிட்ஜ், பம்ப், லைட், ராத்திரி போடுற நங்கூர விளக்கு எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஒரு நாளைக்கு 100 ஆம்ப்-அவர் (பேட்டரிலேர்ந்து எடுக்குற கரண்டோட அளவு) வந்துச்சு, 12 வோல்ட்ல. சாதா லெட்-ஆசிட் பேட்டரில பாதிக்கு மேல இறக்கக் கூடாது, அதனால 400 ஆம்ப்-அவர் பேட்டரி இருந்தாத்தான் ரெண்டு நாள் நிம்மதி. கூரைல சோலார் பேனல் வைக்க இடம் இருக்கான்னு அப்புறம் முதல்லயே பார்க்க ஆரம்பிச்சிட்டோம்.

விக்கிறவங்ககிட்ட ஒரு விஷயம் கத்துக்கிட்டேன். ஒரு இடத்துல இன்ஜின் ரூம் மூடியைத் திறந்து பிளாக்ல கை வெச்சேன், சூடா இருந்துச்சு. நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்க! குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆக எவ்வளவு திணறுது, என்ன கலர்ல புகை விடுதுன்னு நமக்குத் தெரியக் கூடாதுன்னுதானே. கேட்டதுக்கு மழுப்பினாங்க, அன்னிக்கே வந்துட்டோம்.

அடுத்த போட்டுக்கு, போட்டைப் பரிசோதிச்சுச் சொல்ற சர்வேயரைக் கூட்டிட்டுப் போனோம். தண்ணிலேர்ந்து தூக்கி, சின்ன சுத்தியலால ஹல் முழுக்க அங்குலம் அங்குலமாத் தட்டினார், டங் டங்னு வந்த சத்தம் ஒரு இடத்துல பொத்துனு மாறுச்சு, உள்ள தண்ணி இறங்கி லேயர் விட்டிருக்கு. கடல்ல ஓட்டிப் பார்த்தப்போ முழு த்ராட்டில்ல 2600 ஆர்பிஎம் வர வேண்டிய இன்ஜின் 2250-ஐத் தாண்டல, எங்கயோ கோளாறுன்னு அர்த்தம். தூக்கின செலவு எங்களோடது, வேணாம்னு சொல்ல மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனாலும் விட்டுட்டோம்.

மூணாவது சர்வேல அமைஞ்சதுதான் இப்போ எங்ககிட்ட இருக்கு. எக்ஸாஸ்ட் எல்போ (புகை வெளிய போற குழாயோட வளைவு) மட்டும் துருப்பிடிச்சிருந்துச்சு, அதை விலைல கழிச்சுக்கிட்டோம், ஆயில் சாம்பிள் லேப்ல சுத்தமா வந்துச்சு. ஆட்டத்தைக் குறைக்க பக்கவாட்டுல ஒரு கம்பம் நீட்டி அதுலேர்ந்து தண்ணிக்குள்ள ஒரு தட்டு தொங்க விட்டிருக்கோம், டம்ளர் இப்போ வெச்ச இடத்துல நிக்குது. ரெண்டாவது டீசல் ஃபில்டர் இன்னும் மாட்டல. டேங்க் அடியில படிஞ்ச கசடு பெரிய அலையிலதான் கலங்கி வரும், ஃபில்டர் அடைச்சா இன்ஜின் நிக்கும், எங்களுக்கு இருக்குறது ஒரே இன்ஜின், அதனால அது மாட்டுற வரைக்கும் பக்கத்து வளைகுடா வரைதான் போறோம்.