ஒரு விறாந்தைக்காக ஒரு மேன்முறையீடு

பதிவுத் தபாலில் வந்த அந்தக் கடிதத்தைக் கையெழுத்து வைத்து வாங்கியது அம்மா. நான் வேலையால் வந்ததும் நீட்டி, “சிற்றியிலிருந்து வந்திருக்கு. பனி தள்ளாததுக்கு ஃபைன் போல” என்றார். அது 2023 ஒக்டோபர். பனி இன்னும் கொட்டத் தொடங்கவேயில்லை.

உள்ளே இருந்தது ஃபைன் இல்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாண மரபுரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி எங்கள் வீட்டை மரபுரிமைச் சொத்தாக அறிவிக்க நகரசபை உத்தேசித்திருக்கிறது என்ற நோட்டீஸ். கூடவே எட்டுப் பக்க அறிக்கை. பதினான்கு வருடமாகக் குடியிருக்கிற வீட்டைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவர் எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். நம் சாதகத்தை நமக்குத் தெரியாமல் யாரோ கணித்து வைத்ததுபோல இருந்தது.

வீடு பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. ஒன்றரை மாடி, சிவப்புச் செங்கல், மூலைகளில் மட்டும் மஞ்சள் செங்கல். முன்கதவுக்கு நேர்மேலே கூரான ஒரு முக்கோண முகடு, அதற்குள் ஒரு சின்ன ஜன்னல். ஒன்ராறியோவின் பழைய ஊர்களுக்குள் கார் ஓட்டியவர்கள் இந்த வகை வீட்டைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். 1880களில் கட்டியது என்று வாங்கும்போதே சொன்னார்கள். மழைக்கு பேஸ்மென்ட் சுவரில் ஈரம் ஏறும்போது மட்டும்தான் அந்த வயது எங்கள் நினைவுக்கு வரும்.

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் வேறு. அம்மாவுக்கு முழங்கால் முடியாமல் போய், சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். முன் விறாந்தையைக் கழற்றி, சாய்வுப்பாதையோடு புதிதாகக் கட்டுவதற்குக் கட்டடப் பெர்மிட் எடுத்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்தே வீடு ஏற்கனவே அறிவிக்கப்பட்டதுபோலத்தான் நடத்தப்படும், முன்பு எடுத்த பெர்மிட்டும் செல்லாது என்பது சட்டம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘மரபுரிமைக் கூறுகள்’ என்று ஒரு பட்டியல், அதாவது நகரசபையின் தனி அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாதவை. நாலாவது வரி: ‘கடைந்த தூண்களுடன் கூடிய மர முன்விறாந்தை’.

நகரசபைக்குத் திடீரென எங்கள் வீட்டில் காதல் வந்த காரணம் பிறகுதான் விளங்கியது. எங்கள் வீடு பல வருடமாக நகரசபையின் மரபுரிமைப் பதிவேட்டில், அறிவிக்கப்படாமல் வெறும் பெயராக இருந்திருக்கிறது. 2021க்கு முன் அப்படிச் சேர்த்தால் உரிமையாளருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, அதனால் எங்களுக்குத் தெரியாது. 2022 முடிவில் மாகாண அரசு சட்டத்தைத் திருத்தியது. பதிவேட்டில் உள்ள வீடுகளை இரண்டு வருடத்துக்குள் முறைப்படி அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் நீக்க வேண்டும், நீக்கினால் ஐந்து வருடத்துக்குத் திரும்பச் சேர்க்க முடியாது. உடனே பல நகரசபைகள் கட்டுக்கட்டாக நோட்டீஸ் அனுப்பத் தொடங்கின. எங்கள் தெருவில் மட்டும் ஒரே நாளில் ஆறு வீடு. (2024இல் அந்தக் கெடுவை 2027 ஜனவரி வரை நீட்டினார்கள். எங்களுக்கு அது காலம் கடந்த புண்ணியம்.)

நோட்டீஸ் வெளியான நாளிலிருந்து 30 நாளுக்குள் நகரச் செயலாளருக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். நான் மூன்று இரவு குந்தியிருந்து மூன்று பக்கம் எழுதினேன். வீடு எங்கள் சொத்து, எங்கள் சம்மதம் கேட்கவில்லை, விலை இறங்கும், காப்புறுதி ஏறும், அம்மாவின் நிலைமை, கடைசியில் ஒரு குத்து: “இதே மாதிரி வீடு எங்கள் தெருவிலேயே இன்னும் ஐந்து இருக்கிறது. இதில் அப்படி என்ன விசேஷம்?” எழுதி முடித்தபோது நெஞ்சு நிறைந்திருந்தது. மனைவி வாசித்துவிட்டு, “நல்லா இருக்கு, ஆனா கோபமா இருக்கு” என்றாள்.

அந்தக் கடிதத்தில் பயன்பட்ட வரி ஒன்றுதான், அதுவும் எதிர்ப்பக்கத்துக்கு.

நகரசபைக் கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் தந்தார்கள். பேசினேன். உறுப்பினர்கள் பரிவோடு கேட்டார்கள், ஒருவர் அம்மாவின் சுகத்தைக்கூட விசாரித்தார், பிறகு எல்லோரும் கை உயர்த்தி உத்தேசத்தை உறுதிப்படுத்தினார்கள். சம்மதம் என்ற விசயம் எடுபடாது என்று அன்று வாசலில் வைத்து நகரசபையின் பிளானர் சொன்னார். உரிமையாளர் சம்மதிக்க வேண்டியதில்லை என்பதை 2003இல், லேக்‌ஷோர் நகரம் சம்பந்தப்பட்ட வழக்கிலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். மனுசன் நல்ல மாதிரி. “நீங்கள் 9/06ஐ வாசித்தீர்களா?” என்று கேட்டார். நான் வாசித்திருக்கவில்லை.

9/06 என்பது மரபுரிமைச் சட்டத்தின் கீழ் வந்த ஓர் ஒழுங்குவிதி, மிகச் சிறியது. ஆட்சேபம் எழுதுவதற்கு முன் அதை வாசித்திருந்தால் மூன்று இரவு மிஞ்சியிருக்கும். அதில் ஒன்பது அளவுகோல்கள். கட்டட அமைப்பு, வரலாற்றுத் தொடர்பு, சூழல் என்று மூன்று வகைக்கும் மூன்று மூன்று. 2023இலிருந்து, குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் அறிவிக்கலாம். வீட்டு விலை, காப்புறுதி, உரிமையாளரின் கஷ்டம் எதுவும் அந்த ஒன்பதில் இல்லை. காப்புறுதிக் கவலை வீண் என்றும் பிறகு தெரிந்தது. முகவர் கேட்டதெல்லாம் கூரையின் வயதும் மின்கம்பியின் நிலையும்தான்.

எங்கள் அறிக்கை மூன்று அளவுகோல்களைப் பிடித்திருந்தது. ஒன்று, வீடு ஒரு கட்டடப் பாணியின் வகைமாதிரி. இரண்டு, ஊரில் செங்கல் சூளை வைத்திருந்த பிரமுகர் ஒருவர் இங்கே வாழ்ந்தார். மூன்று, தெருவின் தன்மையைத் தாங்கி நிற்பதில் இந்த வீட்டுக்குப் பங்கு உண்டு. இப்போது என் கடிதத்தின் கடைசிக் குத்தை நினைத்துப் பாருங்கள். அளவுகோல் அரிய வீட்டை மட்டும் கேட்கவில்லை, வகைமாதிரியும் போதும். இதே மாதிரி இன்னும் ஐந்து இருக்கிறது என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தது நான். ஒன்றாம் அளவுகோலுக்கும் மூன்றாவதுக்கும் சாட்சி சொன்னது நானே. நகரசபையின் பதில் அறிக்கையில் அந்த வரியை மேற்கோள் போட்டிருந்தார்கள்.

ஒரு பொறியையும் சொல்ல வேண்டும். ஆட்சேபம் வேறு, மேன்முறையீடு வேறு. நோட்டீஸ் வெளியாகி 120 நாளுக்குள் நகரசபை வீட்டை அறிவிக்கும் துணைவிதியை, அதாவது தன் உள்ளூர்ச் சட்டத்தை, நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றி அதற்கு இன்னொரு அறிவித்தல் போடுவார்கள். அதிலிருந்து புதிதாக 30 நாள் ஓடும். அதற்குள் ஒன்ராறியோ நிலத் தீர்ப்பாயத்துக்கும் நகரச் செயலாளருக்கும் மேன்முறையீட்டைக் காரணங்களோடு அனுப்பி, கட்டணமும் கட்ட வேண்டும். இரண்டு வீடு தள்ளி இருப்பவர், ஆட்சேபம்தான் கொடுத்துவிட்டோமே, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. முப்பத்தோராம் நாள் அவருடைய துணைவிதி நடைமுறைக்கு வந்துவிட்டது. எனக்கும் அந்த அறிவித்தல் வந்தது பெப்ரவரியில், மற்றத் தபாலோடு தபாலாக. மனைவி பார்த்திருக்காவிட்டால் எனக்கும் அதே கதைதான்.

2021 ஜூலைக்கு முன் இந்தத் தகராறு வேறொரு சபைக்குப் போகும். அது சொல்வது வெறும் பரிந்துரை, நகரசபை கேட்டாலும் கேட்கலாம், விட்டாலும் விடலாம். இப்போது தீர்ப்பாயம் சொல்வதே முடிவு. துணைவிதியை முழுதாக ரத்துச் செய்யலாம், மேன்முறையீட்டைத் தள்ளலாம், அல்லது துணைவிதியைத் திருத்தலாம். அந்த மூன்றாவது வழியின் அருமை அப்போது எனக்கு உறைக்கவில்லை. ரத்து என்ற ஒரே எண்ணத்தோடு திரிந்தேன்.

குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் நூலகத்தின் உள்ளூர் வரலாற்று அறை. செங்கல் சூளைப் பிரமுகரை விழுத்தினால் ஒரு அளவுகோல் போய்விடும் என்று கணக்கு. பழைய ஊர் விலாசப் புத்தகங்கள், வரி மதிப்பீட்டு ஏடுகள், நில உரித்துப் பதிவுகள் எல்லாவற்றையும் வருடம் வருடமாகப் பார்த்தேன். விலாசப் புத்தகத்தில் எங்கள் வீட்டு இலக்கத்துக்கு நேரே அவருடைய பெயர் இருந்தது, அறிக்கை சொன்னது உண்மை. மனம் விட்டுப்போயிற்று. பிறகு தற்செயலாக, அந்த இலக்கத்துக்கு முன்னும் பின்னும் எந்தக் குறுக்குத் தெரு வருகிறது என்று பார்த்தேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தெரு அங்கே இல்லை. ஒரு கட்டம் மேற்கே இருந்தது. சில வருடத்துக்குப் பிறகு வந்த புத்தகத்தில் தெரு முழுக்க இலக்கம் மாறியிருந்தது. பிரமுகர் வாழ்ந்த வீடு எப்போதோ இடிக்கப்பட்டு, இப்போது அங்கே கார் தரிப்பிடம். அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் இருந்தவர் வாடகைக்கு இருந்த ஒரு தையல்காரர். நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அடுத்தது தீக்காப்புறுதி வரைபடங்கள். காப்புறுதிக் கொம்பனிகளுக்காக அந்தக் காலத்தில் ஒவ்வொரு கட்டடத்தையும் நிறம் தீட்டி வரைந்திருக்கிறார்கள். செங்கல் என்றால் இளஞ்சிவப்பு, மரம் என்றால் மஞ்சள். எங்கள் வீட்டின் முன்பகுதி இளஞ்சிவப்பு. பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன மஞ்சள் சதுரம். இன்று அங்கே இருப்பது செங்கல் குசினி. ஆகவே, அறிக்கை ‘மூலப் பின்பகுதி’ என்று சொன்ன குசினி பிறகு வந்தது.

இவ்வளவையும் கட்டிக்கொண்டு மரபுரிமை ஆலோசகர் ஒருவரிடம் போனேன். இனி இன்னொரு அளவுகோலை விழுத்தினால் கதை முடிந்தது என்றேன். அவர் வீடு பார்க்க வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு அடியில் ஊர்ந்து போனார். அம்மா ஜன்னலால் பார்த்து, “ஆர் அந்தப் பிள்ளை, பூனை தேடுதோ?” என்று கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் என்னையும் உள்ளே கூப்பிட்டார். தூணின் அடிக்கட்டையில் டோர்ச் அடித்து, “இந்தத் திருகாணித் தலையைப் பாருங்கள்” என்றார். நடுவில் சதுரக் குழி. ரொபேர்ட்சன் திருகாணி. கனடாவில் ஒருமுறையாவது தளபாடம் பூட்டியவருக்கு அதைத் தெரியும். 1908இல் பீட்டர் ரொபேர்ட்சன் கண்டுபிடித்தது, இதே ஒன்ராறியோவில் மில்ரன் என்ற ஊரில் தொழிற்சாலை போட்டார். 1880களின் தச்சன் கையில் அது இருந்திருக்க வழியில்லை. திருகாணி மட்டும் என்றால் பிற்காலத் திருத்தவேலை என்று சொல்லிவிடலாம். ஆனால் குறுக்குச் சட்டங்கள் எல்லாம் மருந்து ஏற்றிப் பச்சை நிறமான மரம், அதுவும் பிற்காலத்தது. பிறகு நகரசபையிடமே பழைய கோப்பைக் கேட்டு எடுத்தோம். விறாந்தை முழுவதையும் புதிதாகக் கட்டுவதற்கு 1993இல் அவர்களே பெர்மிட் கொடுத்திருந்தார்கள்.

அப்போது ஆலோசகர் சொன்னதுதான் என் வழக்கைத் திருப்பியது. நிபுணராகச் சாட்சி சொல்பவர், தன் கடமை காசு கொடுத்தவருக்கு அல்ல, தீர்ப்பாயத்துக்கு என்று படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். “இந்த வீட்டுக்கு மதிப்பில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மூலைச் செங்கலை வடிவாகப் பாருங்கள். உங்கள் சண்டை வீட்டோடு இல்லை, பட்டியலோடு.” எனக்கு முகம் கறுத்துவிட்டது, மறைப்பானேன். காசும் கொடுத்து இதையும் கேட்க வேண்டுமா என்று இரண்டு நாள் புழுங்கினேன்.

ஆனால் அவர் சொன்னது சரி. மரபுரிமைக் கூறுகளைப் பாதிக்கக்கூடிய மாற்றத்துக்குத்தான் நகரசபையின் தனி அனுமதி வேண்டும். பட்டியலில் இல்லாததுக்கு வழக்கமான பெர்மிட் போதும். ஒவ்வொரு கூறும் வீட்டின் மதிப்புக்கு எப்படிப் பங்களிக்கிறது என்று துணைவிதி விளக்க வேண்டும் என்று ஒழுங்குவிதி 385/21 சொல்கிறது. எவையெவை கூறு அல்ல என்றும் துணைவிதியிலேயே எழுதி வைக்கலாம். அந்தக் கடைசி வசதியை எத்தனை பேர் கேட்டு வாங்குகிறார்களோ தெரியாது. வீட்டுக்காரருக்கு முழுச் சட்டத்திலும் அதைவிடப் பயனான வரி இல்லை என்பேன்.

ஜூனில் முதல் அமர்வு, காணொளி வழியாக. தீர்ப்பாய உறுப்பினர் பிரச்சினைகளைப் பட்டியலிடச் சொன்னார். இரு தரப்பும் பேசிப் பார்க்க இடமுண்டா என்று கேட்டார். நகரசபையின் லோயரும் பிளானரும் ஓகஸ்டில் வீட்டுக்கு வந்தார்கள். இலக்கம் மாறிய பக்கங்களையும் வரைபடத்தையும் மேசையில் விரித்தேன். பிளானர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரும்ப வாசித்து, “தையல்காரரா?” என்றார். பிறகு அவரும் விறாந்தைக்கு அடியில் போய் வந்தார். வெளியே வந்தவருக்கு அம்மா தேத்தண்ணி கொடுத்தார்.

நவம்பரில் இணக்கத்தைத் தீர்ப்பாயம் ஏற்று, துணைவிதியைத் திருத்தியது. பிரமுகர் போய்விட்டார். மஞ்சள் மூலைச் செங்கல், முகடு, சின்ன ஜன்னல் எல்லாம் கூறுகளாக இருக்கின்றன. விறாந்தையும் பின்குசினியும் கூறு அல்ல என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. பதின்மூன்று மாதம். வீடு மரபுரிமைச் சொத்துத்தான், காணிப் பதிவிலும் ஏறிவிட்டது. இந்த வகை வீடுகளுக்கு 10 முதல் 40 வீதம் வரை வரிக்கழிவு கொடுக்க மாகாணச் சட்டம் நகரசபைகளுக்கு இடம் கொடுக்கிறது. எங்கள் நகரசபை அந்தத் திட்டத்தை வைத்திருக்கவில்லை. அதற்கு ஒரு கடிதம் எழுதுவதாக இருக்கிறேன், இந்த முறை கோபமில்லாமல்.

சாய்வுப்பாதை வசந்தத்தில் முடிந்தது. செங்கல் சுவரில் ஒரு துளைகூடப் போடாமல், தனித் தூண்களில் நிறுத்தியிருக்கிறது. திருகாணி எல்லாம் சதுரக் குழி.