அம்மாவுக்கு வந்த ஸ்க்ரப் டைபஸ்: கண்டுபிடிப்பதற்குள் நாங்கள் பட்ட அலைச்சல்

அம்மா உடல் தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனாலும், புதரில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வருகிற, விலை குறைந்த ஒரு மாத்திரைக்குக் கட்டுப்படும் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலுக்காக அவர் அவ்வளவு காலம் துவண்டு கிடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. கடலூர், புதுச்சேரிப் பக்கம் மழை ஓய்ந்த பிறகு காய்ச்சலோடு அலைகிற யாருக்காவது பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கார்த்திகை மழைக்குப் பின் மாட்டுக்குப் புல் அறுக்க முந்திரித் தோப்புக்குப் போய்வருவது அம்மாவின் வழக்கம். காய்ச்சலும் தலைவலியும் விடாமல் அடிக்கவே, கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். டெங்கு இல்லை என்று வந்தது. டைபாய்டுக்கான வைடால் என்ற இரத்தப் பரிசோதனை லேசாகக் காட்டியதால் டைபாய்டு என்று முடிவு செய்து, செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். முன்பு எப்போதோ வந்த தொற்றினாலும் வைடால் அப்படிக் காட்டக்கூடும் என்பதை யாரும் சொல்லவில்லை. இரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்தன, கல்லீரல் நொதிகள் ஏறின, காய்ச்சல் இறங்கவே இல்லை; ஆனாலும் அதே ஊசிதான் தொடர்ந்தது. ஸ்க்ரப் டைபஸை உண்டாக்கும் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா நம் செல்களுக்குள் புகுந்து வாழ்வது. அந்த ஊசி அதை ஒன்றும் செய்யாது.

புதுச்சேரிக்கு மாற்ற நாங்கள் முடிவெடுத்த பிறகுதான் பெரிய தொல்லை தொடங்கியது. பணத்தை முழுதாகக் கட்டியும், டிஸ்சார்ஜ் சம்மரியில் காய்ச்சலுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது என்பதற்கு மேல் எதுவும் எழுதித் தரவில்லை. புதுச்சேரியில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, எந்த ஆன்டிபயாடிக் எத்தனை நாள் போட்டார்கள், தட்டணுக்கள் எப்போது குறையத் தொடங்கின என்பதுதான். ரிப்போர்ட்டுகளை வாங்கிவரத் தம்பி கடலூருக்குத் திரும்பிப் போனான். ஃபைல் வைத்திருப்பவர் வரவில்லை, நாளை வாருங்கள் என்று கவுண்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே அனுப்பிவிட்டார். மறுபடி போனபோது பணியிலிருந்த மருத்துவரை நேரே பார்த்துக் கேட்டு, கேஸ் ஷீட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்தான். உள்நோயாளியாக யாரைச் சேர்த்தாலும், அன்றன்றைய ரிப்போர்ட்டை அன்றன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் பார்த்த பெண் மருத்துவர் திரையை இழுத்துவிட்டு, செவிலியரை உடன் வைத்துக்கொண்டு, அம்மாவைத் தலை முதல் கால் வரை பரிசோதித்தார். மார்பின் அடி மடிப்பில், பீடியால் சுட்டதுபோல் கருகிய பொருக்கும் அதைச் சுற்றிச் சிவந்த வளையமும் இருந்தன. வலியோ அரிப்போ இல்லாததால் அது அம்மாவுக்கே தெரியவில்லை. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு என்று உடை இறுகும் இடங்களிலும் மடிப்புகளிலுமே இது பெரும்பாலும் இருக்குமாம். முந்தைய இடத்தில் புடவைக்கு மேலாகவே ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டுப் பெண்களுக்குக் காய்ச்சல் நீடித்தால், உடல் முழுவதையும் பார்க்கப் பெண் மருத்துவரோ செவிலியரோ வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பொருக்கு எல்லோருக்கும் இருக்காது என்பதால், அது இல்லாததை வைத்து இந்த நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

இந்த நோயை உறுதிப்படுத்தும் எலைசா ஐஜிஎம் என்ற பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். போதிய மாதிரிகள் சேர்ந்த பிறகுதான் போடுவோம் என்று லேபில் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மருத்துவர் அதற்குக் காத்திருக்கவில்லை. டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் மாத்திரையை இரு வேளையும் கொடுக்கச் சொல்லி அன்றே தொடங்கினார். 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கியது. அம்மா இட்லி கேட்டார்.

கடிப்பது மண்ணிலும் புதரிலும் இருக்கும் மிகச் சிறிய பூச்சியின் ஆறுகால் இளம்புழு. கண்ணுக்கு எளிதில் தெரியாது. கடித்து 6 முதல் 21 நாள் வரை கழித்தே காய்ச்சல் வரும். ஆகவே, தோப்புக்கோ வயலுக்கோ போய்வந்ததை நீங்களாகவே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நாய், மாட்டின் உடலில் காணும் உண்ணிகள் பரப்பும் ரிக்கெட்சியாக் காய்ச்சலும் இதற்கு நெருங்கிய உறவுதான். அதற்கும் டாக்சிசைக்ளினே முதல் மருந்து. மாத்திரையைப் பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து விழுங்கக்கூடாது. நிறையத் தண்ணீர் குடித்து, உடனே படுக்காமல் இருக்க வேண்டும்.

ரிப்போர்ட் பிறகு வந்தது; பாசிட்டிவ். அதன் நகலை எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தோம். அம்மாவோடு புல் அறுக்கப் போகும் பக்கத்து வீட்டு அக்காவும் காய்ச்சலில் படுத்திருந்தார். மறுநாளே அவரை அழைத்துப் பரிசோதித்து, அங்கேயே மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள்.