பருவுக்கு பாமசியில் எதை வாங்குவது? நான் தேர்ந்தெடுத்த விதம்

ஹட்டன் டவுனில் எந்த பாமசிக்குப் போய் "பருவுக்கு ஒரு கிறீம் தாங்க" என்று கேட்டாலும் ஏதோ ஒன்று கைக்கு வந்துவிடும். அது நம் பருவுக்குச் சரியானதா என்பதைத்தான் நாமே பார்க்க வேண்டியிருக்கிறது. கன்னத்திலும் தாடை ஓரத்திலும் சிவந்து சீழ் வைத்த பருவோடு நான் திரிந்த காலத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பக்கத்து லயத்து அக்கா பற்பசை பூசச் சொன்னார், மாமி மஞ்சள் அரைத்துத் தந்தார், கூட வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி "ஒரு கிழமையில பருவும் போகும், முகமும் வெள்ளையாகும்" என்று ஒரு சின்ன டப்பாவையே கொண்டுவந்து காட்டினாள்.

அந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு வரி கிடையாது, செய்த இடம் கிடையாது, காலாவதித் திகதியும் கிடையாது. இப்படியான வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசமும், பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல் போன்ற ஸ்டீரொய்ட் மருந்துகளும் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ஸ்டீரொய்ட் பூசினால் முதலில் சிவப்பு இறங்கி முகம் பளிச்சென்று ஆகும், அதனால்தான் ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். நாள்பட நாள்படத் தோல் மெலிந்து, சிவப்பு நரம்பெல்லாம் வெளியே தெரிந்து, நிறுத்தினால் முன்னைவிட மோசமாகப் பரு கிளம்பும். எங்கள் தோட்டத்து டிவிஷனிலேயே ஒரு பிள்ளை அப்படிப் பூசி, மலையில் வெயில் ஏறினால் முகம் எரிகிறது என்று கொழுந்து பறிக்கப் போக முடியாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதை மட்டும் கோபமாகவே சொல்கிறேன்: உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் முகத்தில் பூசாதீர்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் டொக்டரிடம் காட்டி நிறுத்துங்கள்.

சரி, அப்போ எதை வாங்குவது? கம்பனிப் பெயரை விட்டுவிட்டு டியூபில் இருக்கும் மருந்தின் பெயரை வாசித்தால் விஷயம் லேசாகிவிடும். கரும்புள்ளி, சீழில்லாத சின்னச் சின்ன வெள்ளைப் பரு என்றால் சாலிசிலிக் அமிலம், 0.5 முதல் 2 வீதம் வரை இருக்கும், அடைபட்ட துவாரத்தைத் திறந்துவிடும். சிவந்து வீங்கிச் சீழ் வைப்பது என்றால் பென்சோயில் பெரொக்சைட். அது துவாரத்துக்குள் இருக்கும் பக்டீரியாவைக் கொல்லும், அந்த பக்டீரியா அதற்குப் பழகிப்போவதும் இல்லை. என்னுடையது இரண்டாவது வகை.

அடுத்தது வீதம். 2.5, 5, 10 என்று இருக்கிறது, கூடினது கூடுதலாக வேலை செய்யும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 2.5 வீதமே சிவந்த பருவைக் குறைப்பதில் 10 வீதத்துக்குக் கிட்டத்தட்டச் சமம், எரிச்சல்தான் குறைவு. நான் 2.5 கேட்டேன், கடையில் இருந்தது 5. பாமசி மிஸ் பொறுமையாகச் சொன்னார்: "பரவாயில்ல நங்கி, முதல்ல பூசிக் கொஞ்ச நேரம் வெச்சிட்டுக் கழுவிடுங்க, தோல் பழகினதும் இரவு முழுக்க விடலாம்." எனக்குக் கிடைத்ததிலேயே உருப்படியான புத்தி அதுதான். அடாபலீன் என்ற இன்னொரு பரு மருந்து பற்றியும் கேட்டேன், அதற்கு டொக்டர் எழுதித் தரும் துண்டு வேண்டும் என்றார். அமெரிக்காவில் 2016 முதல் 0.1 வீத அடாபலீனைத் துண்டு இல்லாமலே விற்கிறார்கள், ஆனாலும் வயிற்றில் பிள்ளை இருப்பவர்களும் அதற்கு எதிர்பார்த்திருப்பவர்களும் அதைத் தொடக்கூடாது.

முதலில் தாடைக்குக் கீழே கொஞ்சம் பூசி ஒவ்வாமை வருகிறதா என்று பார்த்தேன். அப்புறம் இரவில் முகம் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு, பட்டாணி அளவு எடுத்துப் பரு வரும் இடம் முழுக்க மெல்லிசாகப் பூசினேன். வந்த பருவின் தலையில் மட்டும் வைத்தால் அடுத்து வரப்போவதைத் தடுக்காது. எங்கள் பக்கத்துக் குளிருக்கும் தை மாதக் காற்றுக்கும் தோல் சும்மாவே வெடிக்கும், மருந்தும் சேர்ந்ததும் வாயோரம் உரிய ஆரம்பித்தது, அதனால் மணமில்லாத சாதாரண மொயிஸ்சரைசர் கட்டாயம். பகலில் சன்ஸ்கிறீனும் வேண்டும். பனி மூடியிருந்தாலும் புற ஊதாக் கதிர் வரும், உயரம் ஏற ஏற அது கூடும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்த மருந்து துணியை வெளுக்கும். அம்மாவின் மெரூன் துவாயில் என் கன்னம் பட்ட இடமெல்லாம் செம்மஞ்சள் திட்டு, எவ்வளவு துவைத்தும் போகவில்லை. வெள்ளைத் துவாய், வெள்ளைத் தலையணை உறை வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் நெற்றிக்கு இறங்காமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

ஆரம்பத்தில் ஒன்றுமே நடக்காது. ஆறேழு கிழமைக்குப் பிறகுதான் புதிதாக வருவது குறையும், சரிப்பட்டு வருகிறதா என்று முடிவெடுக்க 12 கிழமை விட வேண்டும். எனக்கும் மெதுவாகத்தான் அடங்கியது. கறுத்த தழும்பு மறைய இன்னும் மாதக்கணக்கில் ஆகும், அதைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று நினைத்து வேறொன்றுக்கு மாறிவிடாதீர்கள்.

தொட்டால் வலிக்கும் ஆழமான கட்டி, பள்ளம் விழும் தழும்பு, மாதவிடாய் தள்ளிப்போவதோடு சேர்ந்து வரும் பரு, ஒரே அளவில் அரிப்போடு நெற்றி முழுக்க வரும் பொரி, இவை பாமசியில் தீரும் விஷயமில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் துண்டு வாங்கித் தோல் கிளினிக்குக்குப் போங்கள், காசு கேட்க மாட்டார்கள்.