ஆஸ்திரேலியாவின் கடல்வழிப் பயணங்களைப் படிக்கக் காற்றிலிருந்து தொடங்குங்கள்

முதுகலை வரலாற்றில் ஐரோப்பியர்களின் ஆஸ்திரேலியப் பயணங்கள் வந்தாலே பலரும் பெயர், கப்பல், ஆண்டு என்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு அறையில் அது கைகொடுக்காது. டச்சு மாலுமி டாஸ்மனும் ஆங்கிலேய மாலுமி டாம்பியரும் இடம் மாறிவிடுவார்கள். நான் முதலில் காற்றைப் படித்தேன், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வந்து வரிசையில் நின்றது.

1611-ல் டச்சுக்காரரான பிரவுவர், நன்னம்பிக்கை முனையைத் தாண்டியதும் வடக்கே திரும்பாமல், தெற்கே 40 பாகையை ஒட்டி வீசும் பலத்த மேற்குக் காற்றைப் பிடித்து நேர் கிழக்கே போய், அப்புறம் ஜாவாவை நோக்கித் திரும்பினார். பயணக் காலம் பெருமளவு குறைந்தது. ஆனால் எந்த இடத்தில் வடக்கே திரும்புவது என்பதற்குத் தீர்க்கரேகை தெரிய வேண்டும். கடலில் அதைச் சரியாக அளக்க அன்று வழியே கிடையாது. கொஞ்சம் கூடுதலாகப் போன கப்பல்கள் மேற்கு ஆஸ்திரேலியக் கரையைத் தொட்டன. 1616 அக்டோபர் 25-ல் டிர்க் ஹார்டோக் அப்படித்தான் சார்க் விரிகுடாவுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையின் வெள்ளீயத் தட்டு ஒன்றைத் தட்டிச் சமமாக்கி, கப்பல் வந்த தேதியைப் பொறித்து, ஒரு கம்பத்தில் அடித்து வைத்துவிட்டுப் போனார். 1697-ல் வந்த விளாமிங் அதை எடுத்துக்கொண்டு, பழைய வாசகத்தையும் சேர்த்துப் புதுத் தட்டு ஒன்றை அங்கே வைத்தார். 1629-ல் பட்டாவியா கப்பல் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள அப்ரோல்யோஸ் தீவுகளில் மோதி உடைந்ததும் இதே வழியில்தான். காரணம் தெரிந்துவிட்டால் இந்த ஆண்டுகள் மறக்கவே மறக்காது.

அடுத்து, ஒரு வெற்றுத் தாளில் 1644 வரை ஐரோப்பியருக்குத் தெரிந்த கரையை மட்டும் கையால் வரையுங்கள். 1606-ல் டச்சு மாலுமி யான்சூன் கண்ட, வடகிழக்கு முனையிலுள்ள கேப் யார்க்கின் மேற்குப் பக்கம், மேற்குக் கரை, தென்கரையில் ஒரு பகுதி, டாஸ்மன் தொட்ட தெற்குத் தீவு (இன்றைய டாஸ்மேனியா), வடகரை. கிழக்கே ஒன்றுமே இருக்காது. அந்த வெற்றிடத்தைப் பார்த்த பிறகு 1770-ல் ஆங்கிலேயர் ஜேம்ஸ் குக் அந்தக் கிழக்குக் கரையை வரைபடமாக்கியதை விளக்க ஒரு வாக்கியம் போதும். அதற்குப் பிறகும் தென்கரையில் ஓர் இடைவெளி மிச்சம். அதை நிரப்பத்தான் ஆங்கிலேயர் ஃபிளிண்டர்ஸ் மேற்கிலிருந்தும், பிரெஞ்சுக்காரர் போதேன் கிழக்கிலிருந்தும் வந்து, 1802 ஏப்ரல் 8-ல் இன்றைய என்கவுன்டர் விரிகுடாவில் சந்தித்தார்கள். ஃபிளிண்டர்ஸ் கண்டத்தைச் சுற்றியபோது கூடவே போன ஆஸ்திரேலியப் பழங்குடியினரான பங்காரியைக் கட்டாயம் எழுதுங்கள். கரையில் இறங்கும் இடங்களில் அங்குள்ள மக்களிடம் முதலில் போய் நின்றவர் அவர். பல விடைத்தாள்களில் அவர் பெயரே இருக்காது, எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது.

உள்நாட்டுப் பகுதிக்கு ஒரே கேள்வி போதும்: மேற்கே ஓடும் ஆறுகள் எங்கே போய்ச் சேர்கின்றன? 1813-ல் சிட்னிக்கு மேற்கேயுள்ள நீல மலைகளைக் கடந்ததும் எழுந்த கேள்வி இது. ஆறுகளின் வழியே போன ஆய்வுப் பயணி ஆக்ஸ்லி சதுப்பு நிலத்தில் சிக்கித் திரும்பினார், நடுவே உள்நாட்டுக் கடல் இருக்கும் என்று பலரும் நம்பினார்கள். 1830-ல் இன்னொரு பயணி ஸ்டர்ட் முர்ரே ஆற்றில் படகிலேயே இறங்கி அது தென்கடலில் கலப்பதைக் கண்டார், பிறகு அதே ஆற்றில் எதிர்நீரோட்டத்தில் துடுப்பு போட்டே திரும்பினார்கள். ஆனாலும் நம்பிக்கை விடவில்லை. 1844-ல் வறண்ட நடுப்பகுதிக்குக் கிளம்பியபோதும் கூடவே ஒரு படகை இழுத்துக்கொண்டு போனார். இதை எழுதினால் திருத்துபவருக்கு நீங்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டது தெரியும்.

தென்கரையோரமாக மேற்கே நடந்த அயர் உயிர் பிழைக்கப் பழங்குடியினரான வைலி உடனிருந்ததையும், கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கப் போன பர்க், வில்ஸ் இருவரும் இறந்த பிறகு அவர்கள் குழுவின் ஜான் கிங்கை யாண்ட்ருவாந்தா பழங்குடி மக்கள் சோறு போட்டுக் காத்ததையும் அந்தந்த இடத்திலேயே சேருங்கள், தனிப் பத்தியாகக் கடைசியில் ஒட்டாதீர்கள்.

நேரம் குறைவாக இருந்தால் பர்க் கதையைச் சுருக்கிவிட்டு 1862-ல் தெற்கிலிருந்து வடகரையை எட்டித் திரும்பிய ஸ்டூவர்ட்டுக்கு இடம் கொடுங்கள். 1872-ல் முடிந்த தந்திக் கம்பி பெரும்பாலும் அவர் போன வழியில்தான் போனது, விளைவுகளைக் கேட்கும் கேள்விக்கு அங்கிருந்தே விடை தொடங்கலாம்.