வேற்றுமுகம் பார்க்கிற குழந்தையைத் திட்டாதீர்கள்

எங்கள் வீட்டுப் பாப்பாவுக்கு இப்போது ஒன்பது மாதம், வேற்றுமுகம் பார்க்கிறாள். யார் கை நீட்டினாலும் தாவிக்கொண்டிருந்தவள் இப்போது பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தாலே உதட்டைப் பிதுக்குகிறாள், ஊரிலிருந்து ஆசையாக வந்த பெரியப்பா தூக்கியதும் வீடே அதிர அழுதாள். உடனே ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "யார்கிட்டயும் விடாம வளர்த்தா இப்படித்தான்", "அம்மா கோண்டு ஆயிடுச்சு". இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் இந்த அழுகை வளர்ப்பில் வந்த குறை இல்லை, மூளை நன்றாக வளர்கிறது என்பதற்கான அடையாளம்.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும், மடியில் பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கிற தூரம் அது. அம்மாவின் குரலை வயிற்றிலிருந்தே கேட்டுப் பழகியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும், அப்போது எந்த முகமானாலும் சரி. நாலைந்து மாதக் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும் கிலுகிலுப்பை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுங்கள், பெரும்பாலும் தேடாது, வேறு பக்கம் பார்க்கத் தொடங்கிவிடும். எட்டு மாதத்துக்குப் பிறகு அதையே செய்தால் துண்டை இழுத்துப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே தன் சொந்தக் குழந்தைகளிடம் கவனித்து எழுதிய விஷயம் இது.

இப்போது யோசித்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத கிலுகிலுப்பை எங்கேயோ இருக்கிறது என்று புரிந்த குழந்தைக்கு, சமையலறைக்குப் போன அம்மாவும் எங்கேயோ இருக்கிறாள் என்று புரியும்தானே? இருக்கிறாள், ஆனால் என் பக்கத்தில் இல்லை. எப்போது வருவாள் என்று கணக்குப் போடத்தான் இன்னும் தெரியாது. அதனால் அழுகிறது. புதிதாக வந்தவரைப் பார்க்கும்போதும் இது அம்மா இல்லை, அப்பா இல்லை, பாட்டி இல்லை என்று பிரித்துப் பார்க்கிறது. இரண்டு மாதக் குழந்தை இப்படிப் பிரித்துப் பார்த்து அழாது.

இதே சமயத்தில்தான் குழந்தை தவழவும் ஆரம்பிக்கிறது. தானாக நகர்ந்து போக முடிகிற வயதில், இது ஆபத்தா இல்லையா என்று யாரைக் கேட்கும்? நம் முகத்தைத்தான். 1985இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கண்ணாடித் தரையின் அடியில் பள்ளம் இருப்பது போல அமைத்து, ஒரு வயதுக் குழந்தைகளை ஒரு பக்கம் விட்டு, எதிர்ப்பக்கம் அம்மாவை நிற்க வைத்தார்கள். அம்மா சிரித்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 பேர் தாண்டி வந்துவிட்டார்கள். அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. உடம்பு தனி, புத்தி தனி, பழகுவது தனி என்று நாம் பிரித்துப் பேசுகிறோம், குழந்தைக்கு மூன்றும் ஒன்றாகவே நடக்கிறது.

தவழ்வது என்றதும் "இன்னும் தவழலையா, எங்க பேத்தி ஆறு மாசத்துலயே" என்கிற பேச்சும் ஞாபகம் வருகிறது. இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கில், தனியாக நடக்கிற வயது ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 17 மாதத்துக்கு மேல் வரை விரிந்திருக்கிறது. அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு நாலு பேர் முட்டிபோட்டுத் தவழவே இல்லை, அப்புறம் நேராக நடந்தார்கள். அதனால் ஒரு மாதம் முன்பின் என்று குழந்தையை ஒப்பிடாதீர்கள். ஆனால் மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஆறு மாதமாகியும் சத்தம் வந்த பக்கம் திரும்பவில்லை, செய்துகொண்டிருந்த ஒன்றைத் திடீரென்று விட்டுவிட்டது என்றால் பாட்டி வைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், காது பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

சரி, வேற்றுமுகத்துக்கு என்ன செய்வது? வந்தவரிடம் உடனே கொடுக்காதீர்கள். இடுப்பில் வைத்துக்கொண்டே நீங்கள் அவரோடு சிரித்துப் பேசுங்கள், அவரையும் கொஞ்ச நேரம் குழந்தையை உற்றுப் பார்க்காமல் உட்காரச் சொல்லுங்கள். பாப்பா உங்கள் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள், அப்புறம் ஒரு பொம்மையை நீட்டுவாள். வேலைக்குக் கிளம்பும்போது அழுமே என்று பின்வாசல் வழியாக நழுவாதீர்கள், டாட்டா சொல்லிவிட்டே போங்கள். அன்றைக்கு அழுதாலும், போன அம்மா சாயங்காலம் வருகிறாள் என்பதை அவள் தினமும் பார்ப்பாள். அடுத்த மாதம் கொழுந்தனார் கல்யாணம், மண்டபம் நிறையச் சொந்தக்காரர்கள். மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: "அவளா வந்தா தூக்கட்டும் அத்தை, இல்லேன்னா என் இடுப்புலயே இருக்கட்டும்." அவரும் சரி என்றிருக்கிறார்.