எட்டு கியர் பெட்டியில் ஒரு நடுக்கம்

வண்டி 2 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான், பின்சக்கர ஓட்டம். உள்ளே இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் 8எச்பி வகை எட்டு கியர் ஆட்டோமேட்டிக். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, ஓட்டம் ஒரு லட்சத்தை நெருங்குகிறது. கியர்பெட்டி எண்ணெய் மாற்றியதாக சர்வீஸ் புத்தகத்தில் எங்கும் ஒரு வரி இல்லை.

தொல்லை இரண்டு விதமாக வந்தது. காவல்கிணறு தாண்டி நாலுவழிச் சாலையில் 70, 80 வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி போனால் வேகத்தடைக் கோடுகள் மேல் ஓட்டுவது போல ஒரு நடுக்கம், இரண்டு மூன்று நொடி வந்து மறையும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் வேறு மாதிரி: வண்டி வெட்டி, தயங்கி, பிறகு பாயும்.

முதலில் காட்டிய பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) போயிருக்கும், பெட்டியை இறக்கணும், இறக்கினால் வேறு பெட்டியே மாட்டிவிடுவது நல்லது என்றார்கள். ஸ்கேனர் கூட மாட்டவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மார்த்தாண்டத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் சொன்னது இதுதான்: "மக்கா, குலுங்குறதெல்லாம் கியர்பாக்ஸ் ஆகாது கேட்டியா. எதுகூட சேர்ந்து குலுங்குதுன்னு மொதல்ல பாரு."

அதற்கப்புறம் நான் செய்த எல்லாமே அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான். நடுக்கம் சக்கர வேகத்தோடு சேர்ந்து வந்தால் டயர், ஆக்சில், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். எஞ்சின் சுற்றோடு வந்தால் இக்னிஷன், எஞ்சின் மவுண்ட். இரண்டோடும் சேராமல், கன்வெர்ட்டருக்குள் இருந்து எஞ்சினையும் பெட்டியையும் நேரடியாகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் பிடிக்கும்போது மட்டும் வந்தால் கன்வெர்ட்டரையும் எண்ணெயையும் பார்க்கணும்.

இந்தச் சோதனைக்கு நம்ம ஊரில் ஒரு தடை உண்டு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று முப்பந்தல் பக்கம் வண்டியையே ஆட்டும். அந்த ஆட்டத்தில் இந்தச் சின்ன நடுக்கம் பிடிபடாது. காற்று அடங்கும்வரை பொறுத்திருந்து, சாலை காலியாக இருக்கும் விடியற்காலையில் போனேன். சித்தி மகன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனில் எண்களைப் பார்த்தான். ஓட்டுபவரே போனைப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

மேனுவல் மோடில் போட்டு, 75 வேகத்தை மாற்றாமல் எட்டு, ஏழு, ஆறு என்று இறக்கினேன். நடுக்கம் எல்லாக் கியரிலும் ஒரே சீராக வரவில்லை. ஆகவே டயரும் ஷாஃப்டும் இல்லை. பிறகு நடுங்கும் நேரத்தில் வலது காலை எடுக்காமல், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பிரேக்கைத் தொட்டேன். பல வண்டிகளில் பிரேக் தொட்டதும் லாக்கப் விட்டுவிடும். விட்டது, நடுக்கமும் அந்த நொடியே நின்றது.

அடுத்துதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தப் பெட்டியில் ஆறாவது கியரின் விகிதம் சரியாக 1.000. பெட்டிக்குள் பாகங்களைச் சுழலாமல் பிடித்து நிறுத்த இரண்டு பிரேக், சுழலும் பாகங்களை ஒன்றோடொன்று இணைக்க மூன்று கிளட்ச் உண்டு. ஆறாவது கியரில் மூன்று கிளட்சும் பிடித்திருக்கும், இரண்டு பிரேக்கும் திறந்திருக்கும். அதனால் பெட்டிக்குள் போகும் சுற்றும் வெளியே வரும் சுற்றும் சமமாக இருந்தாக வேண்டும். சமமாக இல்லையென்றால் மூன்றில் ஏதோ ஒன்று வழுக்குகிறது. எஞ்சின் குறைகளைப் படிக்கும் சாதாரண ஓபிடி ஆப்பில் இந்த எண்கள் வராது, கியர்பெட்டி கணினியோடு பேசும் ஆப் தேவை. அதில் டர்பைன் சுற்று (கன்வெர்ட்டரிலிருந்து பெட்டிக்குள் போவது), அவுட்புட் சுற்று (பெட்டியிலிருந்து வெளியே வருவது), எஞ்சின் சுற்று மூன்றையும் ஒரே திரையில் வைத்தோம். நல்லா மிதித்த நேரத்திலும் டர்பைனும் அவுட்புட்டும் பிரியவே இல்லை. அதைப் பார்த்ததும் வந்த நிம்மதி கொஞ்சமில்லை. மிதியைத் தளர்த்திய லேசான ஓட்டத்தில் எஞ்சினுக்கும் டர்பைனுக்கும் இடையே இருந்த வித்தியாசம் மட்டும் நிலையில்லாமல் துள்ளியது. பெட்டி நன்றாக இருக்கிறது, லாக்கப் சீராகப் பிடிக்கவில்லை.

ஏற்றத்தில் வந்த வெட்டு வேறு கதை. எஞ்சின் கணினியில் பி0303 பதிவாகியிருந்தது, அதாவது மூன்றாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாத மிஸ்ஃபயர். அதன் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி, இரண்டாவதின் காயிலை மூன்றில் மாட்டி, பதிவான குறியீட்டை அழித்துவிட்டு மறுபடியும் பேச்சிப்பாறை ஏறினேன். இப்போது வந்தது பி0302. குறை காயிலோடு இடம் மாறிவிட்டது, இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். டர்போ அழுத்தம் ஏறும்போது சிலிண்டருக்குள் பொறி பறக்க அதிக வோல்டேஜ் வேண்டும், தளர்ந்த காயிலால் அது முடியாது. சமவெளியில் அது சமாளித்துக்கொள்ளும், மலையேறினால் காட்டிக்கொடுத்துவிடும். நான்கு பிளக்கும் அந்தக் காயிலும் புதிதாகப் போட்டேன், வெட்டு போய்விட்டது. பெட்டியை இறக்கியிருந்தால் இந்தக் குறை அப்படியே இருந்திருக்கும்.

அப்புறம் எண்ணெய். ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்று வண்டி செய்யும் கம்பெனிகள் சொன்னாலும், 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வது பெட்டி செய்த இசட்எஃப் நிறுவனமேதான். பெட்டியின் அடியில் எண்ணெய் தங்கும் பிளாஸ்டிக் பேனும் ஃபில்டரும் சேர்ந்தே வரும், தனித்தனியாக வாங்க முடியாது. அண்ணன் பட்டறை ஹாய்ஸ்டில் பேனைக் கழற்றியதும் முதலில் அதில் உலோகத் தூளைப் பிடித்துவைக்கும் காந்தங்களைத்தான் பார்த்தோம். விரலில் தடவினால் மை போல வழியும் சாம்பல் நிறப் பசை இருந்தது, அது வழக்கமான தேய்மானம். வெள்ளை டிஷ்யூவில் பரப்பி வெயிலில் சாய்த்துப் பார்த்தோம், உலோகச் சீவல் ஒன்றுகூட இல்லை. எண்ணெய் மட்டும் கறுத்து, லேசாகக் கருகிய வாடை அடித்தது.

எண்ணெய் அளவு பார்ப்பதில்தான் கவனம் வேண்டும். வண்டி மட்டமாக நிற்க, எஞ்சின் ஓட, எல்லாக் கியருக்கும் ஒருமுறை போய்வந்து, எண்ணெய் சூடு 30க்கும் 50 டிகிரிக்கும் இடையே இருக்கும்போது நிரப்பும் துளையில் மெல்லிய இழையாக வழியணும். நம்ம ஊர் வெக்கையில் மத்தியானம் தொடங்கினால் அந்த இடைவெளி சட்டென்று முடிந்துவிடும். விடிந்ததும் தொடங்கினோம், அவசரமில்லாமல் முடிந்தது. நிரப்பு மூடியைக் கழற்ற முடிகிறதா என்று பார்த்த பிறகே பேனைத் தொடவேண்டும் என்பதில் அண்ணன் கண்டிப்பாக இருந்தார். அது சரிதான், பழையதை வடித்துவிட்டு மூடி கழறவில்லையென்றால் வண்டி ஹாய்ஸ்டிலேயே நிற்கும்.

கியர்பெட்டி கணினி பழகிவைத்திருந்த அளவுகளை, அதாவது அடாப்டேஷனை, ஸ்கேனரில் அழித்துவிட்டு, தக்கலை வரை லேசான மிதியில் எல்லாக் கியரும் ஏறி இறங்கும்படி ஓட்டினேன். நடுக்கம் பெரும்பகுதி போய்விட்டது. எட்டாவது கியரில், குளிர்ந்த எஞ்சினில் மட்டும் எப்போதாவது ஒரு சின்னத் துடிப்பு வருகிறது. கன்வெர்ட்டரிலும் கூலரிலும் பழைய எண்ணெய் கொஞ்சம் மிச்சம் இருக்கும், பேனை வடித்தால் அது வராது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை வடித்து நிரப்பப் போகிறேன். அதற்குப் பிறகும் எஞ்சின், டர்பைன் வித்தியாசம் துள்ளினால் அப்போது கன்வெர்ட்டரை இறக்குவதைப் பற்றி அண்ணனோடு பேசணும்.